மலைமேற் பள்ளியும் எஃகுச் சட்டமும்

கல்வியைப்பற்றி எழுதப் புகுவார் ஆசிரியரைப்பற்றி எழுதுவர், பாடநூலைப்பற்றி எழுதுவர், தேர்வைக் குறைகூறுவர். மாணாக்கர் தலைக்குமேல் நிற்கும் கூரையைப்பற்றி எழுதுவார் மிகச் சிலரே. அஃது இடிந்து வீழ்ந்த மறுநாளன்றி நாம் அதனை நினைப்பதில்லை. தமிழ் பயிலும் மாணவர்க்கு இரும்பும் செங்கல்லும் எற்றுக்கு என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அத்தமிழையும் ஒரு கூரையின்கீழ் இருந்தன்றோ பயில்கின்றோம்! ஆதலின், ஜவ்வாது மலையிலுள்ள பள்ளிகளுக்கு எவ்வகைக் கட்டடம் ஏற்றது என்பதைப்பற்றி நம் கருத்தை இவ்விதழிற் கூற முற்படுகின்றோம். எஃகுச் சட்டத்தால் அமைந்த கட்டடமே அங்கு ஏற்றது என்பது நம் துணிபு.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களிற் பரந்து கிடப்பது. போளூரினின்றும் ஆலங்காயத்தினின்றும் ஏறும் சாலைகள் ஜமுனாமரத்தூரை அடைகின்றன. மற்றொரு பக்கத்திற் புதூர்நாடும் நெல்லிவாசலும் திருப்பத்தூரை நோக்கியிருக்கின்றன. மலையாளி எனப்பெறும் பழங்குடி மக்கள் சாமை விதைத்தும் புளியும் தேனும் திரட்டியும் இங்கு வாழ்கின்றனர். (பெயர் கண்டு இவரைக் கேரளத்தார் என மயங்கற்க, மலைவாழ்வோர் என்பதே கருத்து, இவர் பேசுவது தமிழே.) ஊர்கள் சிறியன, ஒன்றற்கொன்று சேய்மையின. ஆதலின் பிள்ளைகள் தங்கிப் பயிலும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளே இம்மலைக் கல்விக்குப் பெருந்துணை. வனத்துறையாரும் இங்குப் பள்ளிகள் வைத்து நடத்தியதுண்டு.

உறைவிடப் பள்ளியின் கட்டடம் பகற்பொழுதுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளை உண்பதும் உறங்குவதும் நோயுற்றுக் கிடப்பதும் அதன் உள்ளேயே. நள்ளிரவு மழையிற் பள்ளித் தளம் ஒழுகுமாயின், சமவெளிப் பிள்ளை அந்நேரம் தன் வீட்டில் இருக்கும். மலைப்பிள்ளையோ அத்தளத்தின்கீழ்ப் பாய்விரித்துப் படுத்திருக்கும். இவ்வேறுபாட்டை மறவாது வைத்துக்கொண்டே மேல்வருவனவற்றைப் படிக்க வேண்டுகின்றோம்.

இம்மலையைச் சார்ந்த ஸ்ரீபதி என்னும் பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தியை 2024ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுதும் பாராட்டிற்று. அவர் பள்ளியிற் பயின்றது பக்கத்திலுள்ள ஏலகிரி மலையில் என்பதை அப்பாராட்டுக்களின் நடுவே பலர் கவனித்திலர். படிப்பின் பொருட்டு ஒரு மலைவிட்டு வேறொரு மலைக்குச் செல்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் இயலுமோ? இயலாதார்க்கு அம்மலையிலேயே நல்ல பள்ளி வேண்டும். நல்ல பள்ளிக்கு அச்சமின்றி இருக்கத்தக்க அறை வேண்டும்.

அச்சம் என்று நாம் கூறுவது வெறுஞ்சொல் அன்று. 2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் கும்பகோணத்து ஒரு பள்ளியில் அடுக்களைத் தீ கீற்றுக்கொட்டகையிற் பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின்னரே பள்ளிகளினின்றும் கீற்றுக் கூரையை அகற்றும் வேலை எங்கும் விரைந்து நடந்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் வீழ்ந்து மூன்று மாணவர் இறந்தனர். அப்பள்ளி திருச்சபையார் நடத்தும் பழம் பள்ளி என்பதனை ஒரு மிஷன் கல்லூரியின் இதழில் மறைத்தெழுதுதல் முறையன்று. அந்நிகழ்ச்சிக்குப்பின் அரசாங்கத்தார் பள்ளிக் கட்டடங்களை ஆராய்ந்து, பழுதுற்றவற்றை இடிக்கக் கட்டளையிட்டனர். புதியன கட்டும்பொருட்டுப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 2023இல் தொடங்கப்பெற்றது. இவை நற்செயல்களே. ஆயினும் இடித்தல் ஒருநாள் வேலை. கட்டுதல் அங்ஙனம் அன்று. இடித்த இடத்திற் புதிது எழுமளவும் பிள்ளைகள் தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ வேறொரு வகுப்பாரை நெருக்கிக்கொண்டோ இருக்கின்றனர். மலைமேல் இவ்விடைக்காலம் நீளுதற்குத் தக்க காரணம் உண்டு. அதனைச் சற்று விரித்துரைப்போம்.

இக்காலத்தில் கட்டடம் என்றாற் கான்கிரீட்டு என்பதே பலர் எண்ணம். கான்கிரீட்டுக்கு மணல் வேண்டும், ஜல்லி வேண்டும், சிமெண்டு வேண்டும், கம்பி வேண்டும், தளத்தைத் தாங்குதற்குச் சென்ட்ரிங் பலகையும் முட்டுக்கட்டையும் வேண்டும், எல்லாவற்றினும் மேலாக நீர் வேண்டும். இட்ட தளத்தைக் குறைந்தது ஏழுநாள் ஈரம் உலராது காத்தல் வேண்டும். அதன் வலிமையை அளப்பதோ 28ஆம் நாளில். மழைக்காலத்தில் மலைச்சாலையில் லாரி ஏறாது. ஏறினாலும் கலவை போடுதற்கு வானம் இடந்தராது. கோடையில் லாரி ஏறும். ஆனால் ஊரார் குடத்தோடு நீருக்கு அலையும் காலம் அது. அவ்வேளையில் தளத்தின்மேற் பாத்திகட்டி நீர் நிறுத்துவது எளிதோ? மேற்பார்வையாளர் நாடோறும் மலையேறி வருவதும் அரிது. எனவே ஈரம் காக்கவேண்டிய தளம் வெயிலிற் காய்கின்றது, ஆறு பங்கு மணல் சேரவேண்டிய கலவையில் எட்டுப் பங்கு சேர்கின்றது, யாரும் அறியார். பத்தாண்டு கழித்துத் தளத்தின் அடியிற் காரை பெயர்ந்து ஒரு பிள்ளையின் பலகைமேல் விழும்போதே அது வெளிப்படும்.

ஈண்டு ஒரு சிறு கணக்குக் கூறுவோம். இருபதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள வகுப்பறைக்கு ஐந்தங்குலக் கனத்தில் கான்கிரீட்டுத் தளம் இடின், அத்தளம் மட்டும் சற்றேறக்குறைய 11 டன் எடையாகும். முப்பது குழந்தைகளின் தலைக்குமேல் 11 டன்! அதனைத் தாங்கும் தூண், உத்தரம், கடைக்கால் ஆகியவற்றின் எடை வேறு. அதே அறைக்கு எஃகுத் தூணும் உத்தரமும் கைச்சட்டமும் ஆகிய எலும்புக்கூடு முழுவதும், மேலே இலேசான கூரையிடுவதாயின், ஒன்று அல்லது இரண்டு டன்னுள் அடங்கும். கன அளவு ஒத்த எஃகும் கான்கிரீட்டும் நிறுப்பின் எஃகு மும்மடங்கு கனக்கும் என்பது மெய்யே. ஆயினும் வலிமையில் அது பன்மடங்கு மிகுதலின் சிறிதளவே போதுமானதாகின்றது.

எஃகுக் கட்டடத்தின் வேலையிற் பெரும்பகுதி மலையடிவாரத்தில் ஒரு பட்டறையிலேயே முடிந்துவிடும். அங்குத் துண்டுகளை அளந்து வெட்டித் துளையிட்டு வண்ணம் பூசுவர். மேலே கொண்டுசென்று போல்ட்டும் நட்டும் கொண்டு பொருத்துவர். அடிக்கல்லுக்கு மட்டும் சிறிது கான்கிரீட்டுப் போதும். கடைக்கால் மலைமேல் ஆறிக்கொண்டிருக்கும் நாட்களில் சட்டம் கீழே உருவாகிக்கொண்டிருக்கும். கோடை விடுமுறையின் தொடக்கத்தில் அடிக்கல் இட்டால் பள்ளி திறக்கும் நாளிற் கூரைவேய்ந்த அறை நிற்றல் கூடும். பிள்ளைகள் ஓராண்டு மரத்தடியில் இருத்தலும் ஒருநாளும் இராமையும் ஒன்றாகுமோ?

கொண்டை ஊசி வளைவுகளில் நீண்ட கர்டர் திரும்பாதே என்பர். மெய், சந்தையில் 12 மீட்டர் நீளத்தில் வரும் துண்டு அங்குத் திரும்பாது. அதனைப் பாதியாக வெட்டி, நடுவே பட்டைவைத்துப் போல்ட்டால் இணைக்குமாறு முன்னமே வரைந்துகொள்வது இஞ்சினீயர்க்குச் சிறுதொழில். மேலும், கனத்த இரும்பு இம்மலைக்குப் புதிதன்று. காவலூரில் வானாராய்ச்சி நிலையம் இருப்பதை நாம் அறிவோம். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருந்திய தொலைநோக்கி 1986 முதல் அங்கு நிற்கின்றது. வேணு பாப்பு என்னும் வானநூலறிஞர் பெயர் அதற்கு இடப்பெற்றுள்ளது. அப்பேராடியையும், அதைத் தாங்கும் இரும்பு அமைப்பையும், வானின் எத்திசைக்கும் சுழலும் மாடக்கவிகையையும் மலைமேல் ஏற்றியவர்க்கு, ஒரு வகுப்பறையின் சட்டத்தை ஏற்றுதல் அரிது என்பது பொருந்தாது. விண்மீன்களைக் காண்பதற்கு ஏறிய எஃகு, அம்மலைப் பிள்ளைகள் அரிச்சுவடி காண்பதற்கு ஏறினால் என்ன குறை?

சரிவான நிலத்திலும் எஃகுக்கு ஒரு நன்மை உண்டு. கனத்த சுவர்க் கட்டடம் வேண்டுவார் முதலிற் செய்வது மலையை வெட்டிச் சமன் செய்தல். வெட்டிய மண் ஒருபால் தளர்ந்து நிற்கும். மழை பெருகின் சரியும். 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், திருவண்ணாமலை நகரத்து அண்ணாமலையார் மலைச்சரிவு பெயர்ந்து வீடொன்றின்மேல் விழ, 7 பேர் இறந்தனர். அவருட் குழந்தைகளே பலர். எஃகுத் தூணுக்கோ தனித்தனிக் கடைக்கால் போதுமாதலின், ஒருபுறத் தூண் குட்டையாகவும் மறுபுறத் தூண் நெடியதாகவும் நிறுத்தி, நிலத்தை அதன் சரிவிலேயே விட்டுத் தரையை மேலே அமைத்தல் கூடும்.

நிலநடுக்கத்தைப்பற்றியும் ஒருசொல். 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் வேலூர்ப் பக்கத்தில் 3.6 அளவில் ஒரு சிறு நடுக்கம் பதிவாயிற்று. சிறிதாயினும் நம் நிலம் முற்றும் அசையாதது அன்று என்பதை அது காட்டிற்று. நிலம் அசையுங்கால் கட்டடத்தைத் தள்ளும் விசை அதன் எடைக்கேற்ப வளர்கின்றது. கனத்த கட்டடம் தன் கனத்தாலேயே கெடுகின்றது. 2001இல் குஜராத்திலும் 2008இல் சீனத்துச் சிச்சுவானிலும் பள்ளிகள் பல வீழ்ந்தபோது மாணாக்கர் மேல் விழுந்தது அக்கனமே. எஃகு இலேசானது, வளையும், ஒடிவதற்குமுன் எச்சரிக்கும்.

ஆயினும் இவை எல்லாவற்றினும் சிறந்ததாக நாம் கருதும் நன்மை வேறொன்று. எஃகுச் சட்டத்தின் குற்றம் கண்ணுக்குத் தெரியும். கான்கிரீட்டினுள்ளும் இருப்பது இரும்புதான், அதுவும் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருத்து, மேலுள்ள காரையை உள்ளிருந்து பிளக்கின்றது. வெளியே சுண்ணம் பூசிய வெண்மை, உள்ளே அழிவு. இஞ்சினீயர் தட்டிப்பார்த்தே அறியவேண்டும். எஃகுத் தூணில் துருவெனின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அதனைக் காணும். காணப்பட்ட துருவைச் சுரண்டி வண்ணம் பூசலாம். தளர்ந்த போல்ட்டை முடுக்கலாம். கெட்ட துண்டொன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். மேற்பார்வை அரிதாகிய மலைமேல், தன் நோயைத் தானே வெளிக்காட்டும் கட்டடத்தினும் நம்பத்தக்கது எது? நம் கல்லூரியின் பழைய மண்டபத்தில் அண்ணாந்து பார்ப்பார், மெட்ராஸ் டெரஸ் எனக் கொத்தனார் கூறும் செங்கற்றளத்தை இரும்புத் தூலங்கள் தாங்கிநிற்பதைக் காணலாம். அத்தூலங்களுக்கு அவ்வப்போது வண்ணம் பூசுவதல்லது வேறு வைத்தியம் நடந்ததாக நமக்கு நினைவில்லை.

பிறநாட்டு வரலாறும் ஈண்டுப் பயன்படும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தில் பள்ளிகள் விரைவிற் பல கட்டவேண்டியதாயிற்று. நாட்டிங்காம்ஷயரில் நிலக்கரிச் சுரங்கங்களின்மேல் உள்ள நிலம் தாழ்ந்து தாழ்ந்து சுவர்களைப் பிளந்தமையால், நிலத்தோடு இசைந்து அசையத்தக்க எஃகுச் சட்டப் பள்ளிகளை வகுத்தனர். 1957இல் பல மாவட்டத்தார் அம்முறையைக் கூடி மேற்கொண்டனர். கிளாஸ்ப் என்பது அக்கூட்டின் பெயர். 1960இல் மிலான் நகரத்துக் கண்காட்சியில் அது பரிசு பெற்றது. இம்மட்டோடு நிறுத்தினால் நாம் வழக்கறிஞராவோம். ஆதலின் மறுபக்கமும் சொல்வோம். அப்பள்ளிகளின் சட்டம் நல்லது, போர்வையோ தீது. உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் நிறைய வைத்தனர். சுவர்களின் இடைவெளிகளில் தீ கரந்து பரவ இடமிருந்தது. அவற்றின் கேட்டைப் பின்வந்தோர் சுமந்தனர். அந்நாட்டிலேயே, கான்கிரீட்டில் நுரைவகையாகிய ஒன்றால் தளமிட்ட பள்ளிகள் நூற்றுக்குமேற்பட்டவற்றில் அறைகளையோ கட்டடங்களையோ 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் திடீரென மூட நேர்ந்தது. எனவே பெயரை நம்பி எப்பொருளையும் ஏற்றல் தகாது.

இதனால் நம் நாட்டிற்கு வரும் எச்சரிக்கை யாதெனின், எஃகுச் சட்டம் என்ற பெயரால் தகரக் கொட்டகையைப் பள்ளியின் தலையிற் கட்டுதல் கூடாது என்பதே. இதனை நாம் மிக அஞ்சுகின்றோம். நான்கு குழாயை நட்டு, மேலே ஒரு தகட்டை அறைந்து, புதிய வகுப்பறை எனத் திறப்புவிழாச் செய்தல் எளிது. அத்தகட்டின்கீழ்ச் சித்திரை வெயிலில் இருந்தவர் அறிவர், அது வகுப்பறையன்று, அடுப்பு என்பது. மழைபெய்யின் ஆசிரியர் வாயசைவதே தெரியும், சொல் கேளாது. நாம் வேண்டுவது எஃகு எலும்பு; அதற்குத் தசையும் தோலும் அம்மலைக்கு ஏற்றனவாக இருத்தல் வேண்டும். சுவர் செங்கல்லாகவோ மலைக்கல்லாகவோ அழுத்திய மண்கட்டியாகவோ இருக்கட்டும். அவை பாரம் தாங்க வேண்டியதில்லை ஆதலின், சட்டத்தோடு பிணைத்து நிறுத்தினாற் போதும். கூரை இரட்டைத் தகடாக இருந்து நடுவே வெப்பமும் ஓசையும் தடுக்கும் பொருள் இருத்தல் வேண்டும். அப்பொருள் எது என்பதிற் கருத்து வேண்டும். பஃப் பேனல் என மலிவாக விற்பதனுள் இருக்கும் நுரை தீப்பற்றினால் நச்சுப்புகை கக்கும். கும்பகோணத்தை மறவாதார் அதனைக் குழந்தைகளின் தலைக்குமேல் வையார். எரியாத ராக்வூல் சிறிது விலை மிகுந்தாலும் அதனையே கேட்பர்.

தீயில் எஃகு என்னாம் என்று வினவுவோர்க்கும் விடை கூறவேண்டும். 550 பாகை வெப்பத்தை ஒட்டி அது தன் வலிமையிற் பாதியளவு இழக்கும் என்பது உண்மை. ஆயினும் எஃகு தானே தீப்பற்றுவதில்லை. ஒற்றைமாடி அறைக்கு வாயில் இரண்டு இருந்து, அடுக்களை தனித்து எட்ட இருப்பின், சட்டம் சூடேறுமுன் பிள்ளைகள் முற்றத்தில் நிற்பர். இலேசான கூரையைக் காற்றுத் தூக்கும் என்பது மற்றொரு தடை. அதற்கு அடிக்கல்லிற் புதைத்த ஆணிகளே மருந்து. இடிமின்னல் மிகும் மலையாதலின் சட்டத்தை நிலத்தோடு கம்பியால் இணைத்தல் இன்றியமையாதது. துருவுக்குத் துத்தநாகப் பூச்சும் வண்ணமும் உண்டு.

செலவு மிகுமே என்பர். கைமேற் செலவு ஓரளவு மிகுதல் கூடும், மறுக்கவில்லை. ஆனால் மணலும் நீரும் மலையேறும் கூலியையும், ஆண்டு முழுதும் நீளும் வேலையின் செலவையும், பழுதான தளத்தை இடித்து அள்ளும் செலவையும் அக்கணக்கிற் சேர்ப்பார் இல்லை. கான்கிரீட்டை இடித்தால் மிஞ்சுவது குப்பை. எஃகைப் பிரித்தால் மிஞ்சுவது எஃகு. ஓர் ஊரிற் பிள்ளைகள் குறைந்து மற்றோர் ஊரிற் பெருகின், அச்சட்டத்தைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கு நிறுத்தலாம்.

இன்னுமொரு தடை நியாயமானது. பட்டறை கீழே, வேலை கீழே, மலைமக்கட்கு இதனால் என்ன ஊதியம்? ஜமுனாமரத்தூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கின்றது. வெல்டிங்கும் பொருத்துவேலையும் கற்ற இளைஞர் சமவெளித் தொழிற்சாலைகளை நோக்கி இறங்குகின்றனர். தம் ஊர்ப் பள்ளிச் சட்டத்தைப் பொருத்தவும், பின்னர் ஆண்டுதோறும் பழுதுபார்க்கவும் அவருக்கே உரிமை கொடுத்தால் என்ன? மலையின் அண்டையிலுள்ள கிருட்டினகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு கி.மு. 2172இலேயே வழங்கிற்று என 2022இல் அறிவிக்கப்பெற்றபோது நாம் எல்லாம் பெருமிதம் கொண்டோம். இரும்பின் தொன்மையை மேடையேறிப் பேசும் நாம், அதன் இன்றைய பயனைப் பள்ளிக்கூடத்திற்குக் கேட்க நாணுவது வியப்பே.

நம் வேண்டுகோள் சிறியது. மலை முழுதும் ஒரேநாளில் மாற்றுக என்று கூறவில்லை. இடித்துவிட்டு இன்னும் கட்டாத வகுப்பறை ஒன்றைப் புதூர்நாட்டுப் பக்கத்திலோ ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலோ தேர்ந்து, அதனை எஃகுச் சட்டத்தால் ஒருமுறை கட்டிக் காட்டுக. எவ்வளவு நாள் ஆயிற்று, எவ்வளவு நீர் செலவாயிற்று, நண்பகலில் உள்ளே எத்தனை பாகை வெப்பம், பெருமழையிற் கடைசிப் பலகைக்கு ஆசிரியர் குரல் கேட்டதா என்பவற்றை ஓராண்டு குறித்து வைக்கட்டும். இக்கல்லூரியின் பழைய மாணவருள் பொதுப்பணித் துறையிலும் கட்டடத் தொழிலிலும் இருப்பார் உளரெனின், அவ்வோர் அறைக்கு வரைபடம் ஒன்று எழுதி உதவுமாறு அவரை இவ்விதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கின்றோம். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட துண்டு ஒன்றும் அதில் வேண்டா. போளூர்ச் சாலையின் வளைவுகள் இடந்தரா. வரைபடம் மார்கழிக்குள் முடிந்தால், மாசியிற் பட்டறை வேலை தொடங்கலாம்.